இரண்டாம் சாவிக்கு ஒரு மனு

குத்துக்கல்வலசை குளிர்சாரல் அடுக்ககத்தில் முப்பத்தாறு வீடுகள், முப்பத்தாறு கதவுகள், முப்பத்தாறு சாவிகள். முப்பத்தேழாவதாக ஒரு சாவி இருந்தால் அது குற்றம். இதை வாசலிலேயே பெரிய போர்டில் எழுதி, திருடர்கள் இருட்டிலும் படித்துத் திருந்தட்டும் என்று மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் ஒரு குரங்கு. குற்றாலம் பக்கமிருந்து வந்த அது, நலச்சங்கச் செயலாளர் சுந்தரபாண்டியன் வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாக நுழைந்து, ஒரு சீப்பு நாட்டுப்பழத்தைத் தின்றுவிட்டு, அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது. சங்கம் பதினோரு நாள் விசாரணை நடத்தியது. விசாரணையின் முடிவில் தலைவர் இசக்கிதுரை எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஜன்னல் வழியா வந்துச்சு, சரி. கதவு வழியா வந்திருந்தா என்ன செஞ்சிருப்போம்? யோசிச்சுப் பாருங்க!"

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். அன்றைக்கே 'சாவிப் பிரதிக் கட்டுப்பாட்டு விதிகள்' நிறைவேறின. ஜன்னல் அப்படியே இருந்தது.

அடுக்ககத்தைக் கட்டியவர், வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி கொடுத்திருந்தார். வீட்டுக்கு ஒன்று வீதம் திரும்ப வாங்கி, மேடை போட்டு, மைக் கட்டி, சம்மட்டியால் அடித்து நசுக்கினார்கள். விழாவில் இசக்கிதுரை பேசியதன் வீடியோ இன்றும் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இருக்கிறது.

"எனக்குப் போலீஸ்ல முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். அதுல இருபத்தாறு வருஷம் ஸ்டோர் ரூம் பொறுப்பு. ஒரு துரும்பு காணாமப் போனதில்ல. ஏன்? சாவி என் கையில. நான் லீவு போட்டா ஸ்டோர் ரூமும் லீவு. ஒரு தடவ கலவரம்னு சொல்லி லத்தி கேட்டு ஓடி வந்தாவ. முறையா எழுதிக் கேளுங்கன்னேன். எழுதி முடிக்கதுக்குள்ள கலவரமே அடங்கிட்டு. சாவியக் கட்டுப்படுத்தினா எல்லாம் கட்டுப்படும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தட்டியவர்களில் மூன்றாவது மாடி முத்துக்குமாரசாமியும் ஒருவர். வலது கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு, இதற்கு நகல் எடுக்க மாட்டேன், கை மாற்ற மாட்டேன், மிதியடிக்கு அடியிலோ செருப்புக்குள்ளோ பூந்தொட்டியிலோ வைக்க மாட்டேன் என்று அன்று அவர் உறுதிமொழியும் எடுத்தார். எல்லாரும்தான் எடுத்தார்கள். ஆனால் முத்துக்குமாரசாமி அதை நிஜமாக எடுத்துவிட்டார். அவருடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

முத்துக்குமாரசாமிக்குப் புளியறையில் லாரி எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை. வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். மனைவி உமா மகேஸ்வரி தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். அவள் வர ஆறரை. சாவி அவளிடம். மகள் அனுசியா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட வேன் அவளை நாலு பத்துக்கு இறக்கிவிட்டுப் போகும். நாலு பத்திலிருந்து ஆறரை வரை அவள் பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள்.

ஜூன் மாதம் குற்றாலச் சீசன் தொடங்கியதும் படிக்கட்டு ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அவளுடைய கணக்கு நோட்டு ஊறிப் போயிற்று. வட்டம் எல்லாம் முட்டையாகிவிட்டது என்று டீச்சர் ஏசினார்கள். பாத்ரூம் வந்தால் முதல் மாடியில் தலைவர் வீட்டுக்குப் போவாள். தலைவர் மனைவி முப்பிடாதியம்மாள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் வீட்டுக்குள் வருகிறவர்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. பெயர் அனுசியா, நோக்கம் பாத்ரூம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அவசரத்தில் இதையெல்லாம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"நாளைக்கே பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயி ஒரு சாவி போட்டுட்டு வாங்க. பத்து நிமிஷ வேல," என்றாள் உமா.

"கையில சாவிய வச்சுக்கிட்டுச் சத்தியம் பண்ணியிருக்கேன் உமா. முறையா மனு குடுத்தா தரமாட்டோம்னா சொல்லப்போறாவ?"

"நீங்க முறையா மனு குடுத்து முடிக்கதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே ஆயிரும்."

மறுநாள் முத்துக்குமாரசாமி சங்க அறைக்குப் போனார். செயலாளர் சுந்தரபாண்டியன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டாடும்போதுகூட விறைப்பாக உட்கார்ந்துதான் ஆடுவார்.

"எதுக்கு வே இன்னொரு சாவி?"

"பிள்ள நாலு மணிக்கே வந்துருதா. நாங்க வர ஆறரை ஆயிருது."

"அப்ப பிள்ளைய ஆறரைக்கு வரச் சொல்லும்."

"பள்ளிக்கூடம் மூணரைக்கே முடிஞ்சிருதே, அண்ணாச்சி."

"அது பள்ளிக்கூடத்தோட குறை. அதுக்கு நம்ம பாதுகாப்பத் தளர்த்த முடியுமா?" என்று சொன்னாலும், அவர் படிவம் மூன்றை எடுத்துக் கொடுத்தார். அதோடு இரண்டு இணைப்புகள் வேண்டும். சாவியின் அடையாளம் ஒன்று. சாவியைப் படம் எடுப்பது விதிப்படி குற்றமாதலால், அடையாளத்தை எழுத்தில் தர வேண்டும்.

முத்துக்குமாரசாமி இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார். நீளம் இரண்டே கால் அங்குலம். ஆறு பற்கள். முதல் பல் குட்டை, இரண்டாவது அதைவிட ஒரு நூல் உயரம், மூன்றாவதும் நான்காவதும் அண்ணன் தம்பி மாதிரி. சுந்தரபாண்டியன் படிக்கப் படிக்க அவர் முகம் வெளிறியது.

"ஓய், இத வாசிச்சா எவன் வேணும்னாலும் சாவி செஞ்சிரலாமே! இது வெளிய போனா என்ன ஆகும்?"

உடனே நான்கு பக்கத்தையும் உறையில் போட்டு, அரக்கு வைத்து, 'மிக ரகசியம்' என்று எழுதிப் பீரோவில் பூட்டினார். பிறகு படிவத்தைப் பார்த்து, "இன்னொரு இணைப்பு இல்லையே," என்றார்.

இரண்டாவது இணைப்பு, சாவி போடுகிறவரிடமிருந்து ஒரு சான்று. போட்டு முடித்ததும் அந்தச் சாவியின் வடிவத்தை மறந்துவிடுவதாக அவர் எழுதித் தர வேண்டும்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாம், அரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தான்.

"மறந்துட்டேன்னு எழுதணுமா?"

"ஆமாப்பா."

"என்னத்த மறந்தேன்னு எழுதணும்லா? அதுக்கு அது எனக்கு ஞாபகம் இருக்கணும்லா, அண்ணாச்சி?"

சாம் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க குளிர்சாரலா? உங்க பில்டிங்ல இருந்து வாரவங்க எல்லாரும் 'என் மூஞ்சிய மறந்துரு சாம்'னுதான் சொல்லுவாவ. சாவிய மறக்கச் சொல்லுத மொத ஆளு நீங்கதான்."

"வேற யாரு வந்தா?"

"அதத்தான மறந்துட்டேங்கேன்."

கடைசியில் எழுதிக் கொடுத்தான். 'மேற்படி சாவியைப் பார்ப்பேன். பார்த்ததும் மறப்பேன். பிறகு வழியில் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. இப்படிக்கு சாம்.' முத்துக்குமாரசாமிக்கு அதைப் படித்ததும் மனசு நிறைந்தது.

இனித் தலைவரின் கையெழுத்து மட்டும்தான். ஆனால் சீசன் முடியும் வரை செயற்குழு சங்க அறையில் கூடுவதில்லை. சனிக்கிழமை தோறும் வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போய் அங்கேதான் கூட்டம். பாதுகாப்பு விஷயங்களை அருவிக்கு அடியில் நின்று பேசினால் வெளியே யாருக்கும் கேட்காது என்பது இசக்கிதுரையின் யோசனை. உள்ளே நிற்பவர்களுக்கும் கேட்காது. அதனால் தீர்மானங்கள் எல்லாமே ஏகமனதாக நிறைவேறின.

முத்துக்குமாரசாமி படிவத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது, தலைவர் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். விதி ஏழின்படி சாவி உடைமையாளரின் உடம்பை விட்டு அகலக் கூடாது. ஆகவே அரைஞாண் கயிற்றில் அவருடைய சாவி தொங்கியது.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்து..."

"இங்கனயா வே? சரி, கொண்டாரும். மக்கள் பணின்னு வந்துட்டா நேரம் காலம் உண்டா?"

பையிலிருந்து தாளை எடுத்ததுதான் தாமதம், காற்று திரும்பிச் சாரல் அப்படியே இந்தப் பக்கம் அடித்தது. தலைவர் எண்ணெய்க் கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். அது போட்டபடியே ஓடிற்று. இரண்டு பேரும் கண் முன்னாலேயே அதைப் பார்த்தார்கள். முதலில் 'இ' போயிற்று. கடைசியில் முத்துக்குமாரசாமியின் கையில் நீலக் கூழ்தான் மிச்சம்.

"நீங்க போட்டீயள்லா, அண்ணாச்சி? நானும் பாத்தேன்."

"போட்டேன். ஆனா போட்டதுக்கு ஆதாரம் இல்லையே. இருபத்தாறு வருஷம் ஸ்டோர் ரூம்ல இருந்தவன்ட்ட இப்பிடிக் கூழக் கொண்டு வந்து காட்டலாமா? அடுத்த வாட்டி நனையாத மாதிரி கொண்டாரும்."

அடுத்த சனிக்கிழமை முத்துக்குமாரசாமி படிவத்தை லேமினேஷன் செய்துகொண்டு போனார். தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தலைவர் பாராட்டினார். பேனாவும் அதே மாதிரி உருண்டு ஓடியது. நான்கு பேனாக்களை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. "தாள் நல்ல தாள்தான். பேனா வர்க்கந்தான் கெட்டுப்போச்சு," என்று சொல்லிவிட்டு இசக்கிதுரை அருவிக்குள் போய்விட்டார்.

இப்படியே ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. அனுசியா படிக்கட்டிலேயே காலாண்டுப் பரீட்சைக்குப் படித்தாள். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது தலைவரின் குரல்பதிவு வாட்ஸப் குழுவில் வந்தது. "அன்பார்ந்த குளிர்சாரல் குடும்பங்களே! தச்சனுக்கு ஆயுதம் உளி. டிரைவருக்கு ஆயுதம் வண்டி. நமக்கு ஆயுதம் எது? சாவி! ஆகவே முப்பத்தாறு சாவியையும் சங்க அறையில் வச்சுப் பூஜை. எல்லாரும் அவரவர் சாவியக் கொண்டாந்து தட்டுல வச்சிரணும். மறுநாள் மறுபூஜை முடியுத வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே பாதுகாப்பை முன்னிட்டு அன்று முழுவதும் முப்பத்தாறு வீட்டில் ஒரு வீட்டையும் பூட்ட முடியவில்லை. குடும்பத்துக்கு ஓர் ஆள் வீட்டிலேயே காவல் இருந்தார்கள். சுந்தரபாண்டியன் வந்த சாவிகளையெல்லாம் வாங்கி, ராணுவ வழக்கப்படி புளி போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கண் கூசும்படி பளபளப்பாக்கிப் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கினார். தேய்த்த வேகத்தில் வீட்டு எண் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் அத்தனையும் கழுவிய தண்ணீரோடு போய்விட்டன. அதை அவர் கவனிக்கவில்லை. சந்தனம், குங்குமம், மேலே செவ்வந்திப்பூ. பொழுது சாயும் வரை ஆட்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. அடுக்ககமே சங்க அறையில் கூடியிருந்தது. சுந்தரபாண்டியன் பூவை ஒதுக்கிவிட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு தலைவரின் காதில் சொன்னார். தலைவர் தாமே எண்ணினார்.

எழுபத்திரண்டு.



"அண்ணாச்சி, சரியா இரட்டிப்பு," என்றார் சுந்தரபாண்டியன். "இது அம்மனோட அருள்."

இசக்கிதுரை கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். மற்ற நாளைவிடக் கொஞ்சம் வேகமாகவே போட்டுக்கொண்டார்கள். அம்மனின் அருளால் சாவி பல்கியது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதவும் செய்தார்கள்.

அந்த வரியின் மை காயும் முன் சிக்கல் வந்தது. எந்தச் சாவி அம்மன் தந்தது, எந்தச் சாவி மனிதன் தந்தது? ஸ்டிக்கர் ஒன்றிலும் இல்லை; சந்தனமும் குங்குமமும் அப்பியதில் பளபளப்பை வைத்தும் பிரிக்க முடியவில்லை. போட்டுப் பார்த்துவிடலாம் என்று தலைவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தம் வீட்டுக் கதவிலிருந்தே தொடங்கினார். அடுக்ககம் முழுவதும் பின்னால் போயிற்று.

முதல் சாவி திறந்தது. "பாத்தீயளா? இது என் சாவி," என்றார்.

இரண்டாவது சாவியும் திறந்தது. "இது அம்மன் தந்த சாவி."

மூன்றாவது திறந்தது. நான்காவது திறந்தது. பன்னிரண்டாவது சாவியும் திறந்தபோது இசக்கிதுரையின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நம்ம ஒரு வீட்டுக்கு மட்டும் பன்னெண்டு சாவியா!"

"எம்மாடி, நான் ரெண்டுதான் கூட வச்சேன்!" என்றாள் முப்பிடாதியம்மாள்.

இசக்கிதுரை மெதுவாகத் திரும்பினார்.

"கூட வச்சியா?"

"பின்ன என்ன செய்ய? ஒண்ணு எனக்குக் கோயிலுக்குப் போக, ஒண்ணு வேலைக்கு வார சொக்கம்மாளுக்கு. வருஷத்துல ஒரு நாளு. ஒண்ணுக்குப் பொட்டு வச்சுட்டு மத்தத டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சா சாமி சும்மா விடுமா? உங்க சங்கத்த ஏமாத்தலாம். சரஸ்வதிய ஏமாத்த முடியுமா?"

அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. "அதான நானும்," என்றது ஒரு குரல். "நான் பூவுக்கு அடியிலதான் வச்சேன்," என்றது இன்னொன்று. கும்பிடுவது போலக் குனிந்து ஒவ்வொருவராகத் தட்டுக்குள் நழுவவிட்டிருக்கிறார்கள். சங்கத்துக்குப் பயப்படாத முப்பத்தைந்து குடும்பங்கள் சாமிக்குப் பயந்துவிட்டன. சுந்தரபாண்டியன் தரையைப் பார்த்தபடி, "என்னோடது எமர்ஜென்சிக்கு," என்றார்.

உமா மகேஸ்வரி புருஷனின் பக்கம் திரும்பினாள். "ஊரே ரெண்டு சாவி வச்சிருக்கு. நம்ம மட்டும் மனு வச்சிருக்கோம்."

எல்லாச் சாவியும் எல்லாக் கதவையும் ஏன் திறக்கிறது என்று கட்டியவருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது. "எல்லாம் ஒரே செட்டு, அண்ணாச்சி. மொத்தமா எடுத்தா அப்பிடித்தான் வரும். வெளிய கதவு முப்பத்தாறு, உங்க சங்க ரூம், மோட்டார் ரூம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். உங்களுக்கு வசதியா இருக்கட்டுமேன்னுதான்."

வேறொரு சங்கமாக இருந்தால் அன்றே கலைந்திருக்கும். குளிர்சாரல் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. இசக்கிதுரை எழுந்தார்.

"பதற வேண்டாம். எல்லாச் சாவியும் எல்லாக் கதவையும் திறக்குதுன்னா என்ன அர்த்தம்? ஒரு சாவிகூடப் பழுதில்லன்னு அர்த்தம்! இத்தன மாசமா ஒரு வீட்டுலயாவது திருட்டுப் போச்சா? இல்ல. எப்பிடி? யாருக்கும் விஷயம் தெரியாது. ஆக, நம்மளக் காப்பாத்துனது பூட்டு இல்ல, அறியாமை. அத நாம தொடர்ந்து பேணிக் காக்கணும்."

அதன்படி புதிதாகப் படிவம் ஒன்பது அச்சிடப்பட்டது. 'குளிர்சாரல் அடுக்ககத்தில் எல்லாச் சாவியும் எல்லாக் கதவையும் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது' என்று முப்பத்தாறு குடும்பமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. கட்டியவரிடமும் ஒன்று வாங்கினார்கள்.

மிச்சம் முப்பத்தாறு கள்ளச்சாவிகள். அவற்றை நசுக்கலாம் என்றார் ஒருவர். பூஜையில் வைத்ததைச் சம்மட்டியால் அடிப்பதா என்று முப்பிடாதியம்மாள் ஒரு சத்தம் போட்டாள். சரி, யாரிடமாவது பத்திரமாக ஒப்படைக்கலாம் என்றால், இதில் கறை படாத ஆள் வேண்டும். அடுக்ககத்தில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

முப்பத்தாறு சாவிகளும் ஒரு முறுக்கு டப்பாவில் போடப்பட்டு, துணி சுற்றி, அரக்கு வைத்து, முத்துக்குமாரசாமியின் கையில் கொடுக்கப்பட்டன. அவருடைய வீட்டுப் பீரோவில் வைக்க வேண்டும். சீலைத் தொடக் கூடாது. வீட்டில் ஆள் இல்லாதபோது கதவு கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும். அவர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். இத்தனை மாதத்தில் சங்கம் அவரை நம்பியது அதுவே முதல் தடவை.

"அப்பா, அதுல இருந்து ஒண்ணே ஒண்ணு," என்றாள் அனுசியா.

"சீல் வச்சிருக்கு, மக்கா."

"முப்பத்தாறு சாவி உள்ள இருக்கும். நான் வெளிய உக்காந்திருக்கணுமா?"

முத்துக்குமாரசாமி டப்பாவைப் பீரோவில் வைத்துச் சாத்தினார்.

விடுமுறை முடிந்து முதல் நாள். எடைமேடையில் அவருக்கு வேலையே ஓடவில்லை. ஒரு லாரிக்கு எழுத வேண்டிய எடையை இன்னொரு லாரிக்கு எழுதிவிட்டு ஏச்சு வாங்கினார். உமா போன் போட்டாள். லேபில் ஆள் இல்லாததால் அவள் வர எட்டு மணி ஆகுமாம். முத்துக்குமாரசாமி கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, அவளிடம் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, ஐந்தரைக்கெல்லாம் படி ஏறினார். டப்பாவை உடைத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். சத்தியமாவது ஒன்றாவது.

படிக்கட்டில் அனுசியாவைக் காணோம். கதவைத் தள்ளினார். திறந்தே இருந்தது. உள்ளே அவள் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, மிக்சரைக் கொறித்தபடி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எப்பிடி உள்ள வந்த?"

"தலைவர் தாத்தாதான் தொறந்துவிட்டாவ."

"என்ன சாவியப் போட்டு?"

"அவங்க வீட்டுச் சாவியத்தான். டப்பா பத்திரமா இருக்கான்னு தெனமும் வந்து சோதன போடணும்னு தீர்மானமாம். நம்மல்லாம் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துத்தான் வரணுமாம், அப்பத்தான் உண்மை தெரியுமாம். நாலு பத்துக்கு வந்தாவ. நானும் கூடவே உள்ள வந்துட்டேன். நாளைக்கும் வருவாவளாம்."

"ஒன்ன வெளிய போகச் சொல்லலியா?"

"இல்ல. நான் இருந்தா சாட்சிக் கையெழுத்துக்கு ஆளாச்சுன்னு சொன்னாவ."

பீரோவில் ஒரு சோதனைப் பதிவேடு தொங்கியது. 'மாலை 4.12. டப்பா உள்ளது. சீல் உள்ளது. பிள்ளை உள்ளது. இசக்கிதுரை.' கீழே அனுசியா நல்ல கையெழுத்தில் சாட்சி போட்டிருந்தாள்.

முத்துக்குமாரசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து மாதமாக நெஞ்சில் இருந்த கனம் எங்கேயோ போய்விட்டது. மகளின் தட்டிலிருந்து ஒரு கை மிக்சரை அள்ளிக்கொண்டார்.

"அப்பா, தாத்தா அஞ்சு மணிக்குத் திரும்ப வந்து ஒங்களுக்கு ஒரு கவரும் குடுத்தாவ," என்று அவள் நோட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

உறைக்குள் சங்கத்தின் முத்திரையோடு ஓர் உத்தரவு இருந்தது. இந்தத் தடவை கையெழுத்து ஓடாமல் நின்றிருந்தது.

'இரண்டாம் சாவி கோரித் தாங்கள் அளித்த மனு பரிசீலிக்கப்பட்டது. தலைவர் நேரில் ஆய்வு செய்ததில், தங்கள் மகள் மாலை 4.12 மணிக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது கண்டறியப்பட்டது. ஆகவே தேவை நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. இந்த உத்தரவுக்கு இன்னொரு பிரதி தேவைப்பட்டால் படிவம் மூன்றில் விண்ணப்பிக்கவும்.'